சாவி தொலைந்த ஆட்டங்கள்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். சாவி தொலைந்த பழைய பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை உடைக்காமல் திறந்து, அரத்தால் ராவிப் புதுச் சாவி செய்துகொடுக்கும் கைத்திறன் அவ்வூரில் இன்னும் அடியோடு அற்றுவிடவில்லை. அதே ஊரில் சென்ற மாதம் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் நாம் கண்ட காட்சியோ வேறு வகையானது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தார் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு கோணிப்பை நிறையப் பிளாப்பித் தட்டுகள். பலவற்றின் மேல் பையன்களின் கோணல் எழுத்தில் ஆட்டங்களின் பெயர்கள். யந்திரத்திலுள்ள செம்புக்குக் கடைக்காரர் விலை கொடுப்பார். தட்டுகளுக்கு விலை இல்லை. "அது குப்பை ஸார், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

அது குப்பைதானா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

நம் தேசத்துப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்ட சரித்திரம் நாற்பது வருஷத்துக்குச் சற்று அதிகமானது. 1984-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, பிரிட்டனில் ஏகார்ன் கம்பெனியார் செய்த பி.பி.ஸி. மைக்ரோ யந்திரங்களை முதலில் 250 பள்ளிகளுக்கு வழங்கினார்கள். 1986-ல் டெசிபெல்ஸ் என்ற இந்தியக் கம்பெனி உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் யந்திரத்தை விற்றது. அதில் ஆட்டங்களை ஒலிநாடாவிலிருந்து ஏற்றுவார்கள். ஜப்பானிய நின்டெண்டோ 'சாமுராய்' என்ற பெயருடன் இங்கே வந்தது. பிறகு ஆட்டங்களை நாமே செய்யவும் தலைப்பட்டோம். 2002-ல் மிதாஷி கம்பெனி பகத்சிங்கைக் கதாநாயகனாக வைத்தே ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. அது நல்ல ஆட்டமா என்பது வேறு விஷயம். தூக்குமேடை ஏறிய அந்த வீரனைச் சுதந்திர இந்தியாவின் பிள்ளைகள் முன் எவ்வாறு நிறுத்தினார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

வெளிவராமலே போனவையும் உண்டு. 1997-ல் பெங்களூரில் தோன்றிய துருவா கம்பெனி, பிரான்ஸ் தேசத்து இன்போகிராம்ஸ் கம்பெனிக்காக 'மிஷன் இம்பாஸிபிள்' ஆட்டத்தின் கம்ப்யூட்டர் பதிப்பில் உழைத்தது. அந்தப் பதிப்பு கடைக்கு வரவில்லை. துருவாவோ 2017-ல் ஸ்வீடன்காரர் கைக்கும், 2019-ல் அமெரிக்க ராக்ஸ்டார் கம்பெனியின் கைக்கும் மாறிவிட்டது. இந்திய இளைஞர்கள் இத்தொழிலில் எழுத்தறிந்து பழகிய முதல் ஏடுகளில் அது ஒன்று. அதன் பிரதியை இனி யாரிடம் போய்க் கேட்பது?

ஓலைச்சுவடி பல நூற்றாண்டு தாங்கியது. அதனால்தான் சாமிநாதய்யரவர்கள் ஊர் ஊராக அலைந்து, 1887-ல் சீவகசிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது. பிளாப்பித் தட்டுக்கு அந்த ஆயுள் இல்லை. இருபது முப்பது வருஷத்தில் அதன் காந்தப் பதிவு மங்கத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலும் மழைக்காலப் பூஞ்சணமும் அதை இன்னும் விரைவுபடுத்துகின்றன. பதிவு நன்றாக இருந்தாலும் அதைப் படிக்கும் யந்திரம் வேண்டும். ஆகவே, பதிவை அப்படியே பிரதியெடுத்து, பழைய யந்திரத்தைப்போல் நடந்துகொள்ளும் ஒரு புரோகிராமை இக்காலக் கம்ப்யூட்டரில் அமைத்து ஓட்டுவதே வழி. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பொறுமையும் சில ஆயிரம் ரூபாய்க் கருவியுமே தேவை.

இதே தவறை நாம் முன்பே ஒருமுறை செய்திருக்கிறோம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. அதற்கும் முன் நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் 'கீசக வதம்'. இரண்டிலும் ஓர் அடி பிலிம்கூட நம்மிடம் இல்லை. அந்நாளைய விளம்பரங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஊகம் செய்கிறோம். கூத்தும் கேளிக்கையும் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று பெரியவர்கள் இருந்துவிட்டார்கள். வெள்ளிக்காகப் பழைய பிலிமைக் கரைத்து விற்றார்கள், இன்று செம்புக்காக யந்திரத்தை உடைப்பதுபோல. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-ல். முப்பத்து மூன்று வருஷத் தாமதத்தில் தமிழ் சினிமாவின் பிள்ளைப்பிராயமே போய்விட்டது. கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கு நாற்பது வருஷம் கடந்தும் அப்படியொரு காப்பகத்தை சர்க்கார் ஏற்படுத்தவில்லை.

இதற்குச் சட்டமும் துணை செய்யவில்லை. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, தேசத்தில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும் வேறு இரு நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் ஆட்டம் அதில் இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது நூலகங்கள் ஒரு நூலை மின்வடிவில் சேமித்துக் காக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் அந்நூலின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கனவே கையில் இருக்க வேண்டுமாம்! பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்த ஒன்றுக்கு அந்தப் பிரதிக்கு எங்கே போவது? உரிமையின் காலத்தையும் பாருங்கள். 1986-ல் இருபது வயதில் ஓர் ஆட்டத்தை எழுதியவர் எண்பது வயது வாழ்ந்தால், அது 2106-ம் வருஷம் முடியத்தான் பொதுச்சொத்தாகும். தட்டு அதுவரை காத்திராது.

அயல்நாடுகளிலும் எல்லாம் செம்மையாக இல்லை. அமெரிக்காவில் பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடையாது என்று வீடியோ ஆட்ட வரலாற்று நிறுவனம் 2023-ல் கணக்கெடுத்து அறிவித்தது. ஆராய்ச்சியாளர் அவற்றை நூலகத்திலிருந்து தொலைவிலிருந்தே பயன்படுத்த அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆயினும் அங்கே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1990-களின் நடுவில் செய்து முடித்துக் கிடப்பில் போடப்பட்ட 'ஸ்டார் பாக்ஸ் 2' என்ற ஆட்டத்தை நின்டெண்டோவே 2017-ல் வெளியிட்டது. தன் பெட்டியில் பிரதியை வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

ஆட்டம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறதே, அதற்கு நூலகமா என்று சிலர் கேட்கலாம். கெடுக்கும் ஆட்டங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கெட்ட நாவலையும் கன்னிமாராவில் வைத்துத்தானே இருக்கிறோம்! இன்னொரு சங்கடமும் உண்டு. நம் நாட்டில் தப்பிப் பிழைத்த பிரதிகளில் பெரும்பாலானவை கள்ளப் பிரதிகள். சட்டத்தை மதிக்கும் பத்திரிகை இதை எழுதக் கூச வேண்டியதுதான். ஆனால், உரிமையாளர் வீசியெறிந்ததைத் திருடியவன் காப்பாற்றினான் என்ற நிலையை உண்டாக்கியது யார்?

மத்திய சர்க்கார் செய்ய வேண்டியது 1954-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது, 2012-ம் வருஷத்துத் திருத்தத்தில் இரண்டு வார்த்தைகளை எடுப்பது. டில்லி அசையும் வரை திண்டுக்கல் காத்திருக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டையைத் தொல்பொருள் இலாகா காக்கிறது. தட்டுகளை யார் காப்பது? பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் துறையும் இருக்கிறது. ஜில்லாவிலுள்ள பள்ளிகள் பழைய யந்திரங்களை ஏலம் போடுமுன் தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் பிரித்து அங்கே அனுப்பும்படி கல்வி அதிகாரி ஒரு சுற்றறிக்கை விடலாம். மாணவர்கள் அவற்றைப் படித்து, பெயர், வருஷம், எந்த யந்திரத்துக்குரியது என்று ஜாபிதா எழுதலாம். அந்நாளில் இந்தியாவில் ஆட்டம் எழுதியவர்கள் பலர் இன்று ஐம்பது அறுபது வயதில் நம்மிடையே இருப்பார்கள். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையையும் தள்ளிப்போடக்கூடாது.

கடைக்காரர் கொடுத்த கோணிப்பை இப்போது நம் காரியாலயத்தில் இருக்கிறது. தட்டைப் படிக்கும் கருவி வைத்திருக்கும் கல்லூரி எதுவானாலும் கடிதம் எழுதினால் அனுப்பிவைக்கிறோம்.