எல்லை கடந்து வரும் மூலதனம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் கொலுவீற்றிருந்த ராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்பினான். இன்று அவ்வூருக்கு அண்மையிலுள்ள ஜயங்கொண்டத்துக்குக் கடல் கடந்து மூலதனம் வருகிறது. 2024 நவம்பரில் தைவான் தேசத்துக் காலணிக் கம்பெனியொன்றின் ஆலைக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பெற்றது. முதலீடு ரூ.1,000 கோடி, வேலை 15,000 பேருக்கு என்று சர்க்கார் அறிவித்தனர். பெரம்பலூர் ஜில்லா எறையூரில் 2022 நவம்பரில் தொடங்கிய காலணித் தொழிற்பூங்காவில் மறு வருஷமே உற்பத்தியும் ஆரம்பமாயிற்று. மானாவாரி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்பி, மழை பொய்த்தால் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவந்த ஜனங்களுக்கு இது நற்செய்தியே. நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், இம்மூலதனம் ஏன் வருகிறதென்று யோசித்தல் அவசியம். தைவான் முதலாளிகள் நெடுங்காலம் சீனத்திலேயே காலணி ஆலைகளை நடத்திவந்தனர். அங்கே கூலி உயர்ந்தது. 2018 முதல் அமெரிக்காவுக்கும் சீனத்துக்கும் சுங்கப் போர் மூண்டது. தைவான் ஜலசந்தியிலும் அச்சம் வளர்ந்தது. நமது தேசமோ, நில எல்லையையொட்டிய அண்டை நாடுகளின் முதலீட்டுக்கு முன்னனுமதி வேண்டுமென்று 2020 ஏப்ரலில் விதித்தது. இரண்டு மாதத்தில் கல்வானில் ரத்தம் சிந்திற்று. அண்டை நாடுகள் பிணங்கினால் பணம் வேறு வழி தேடும். அவ்வாறு வந்த பணம் அவ்வாறே போகவுங்கூடும். பிறர் சச்சரவை அஸ்திவாரமாகக் கொண்டு நிரந்தர க்ஷேமத்தைக் கட்ட முடியாது.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நைஜீரியாவின் டாங்கோட்டே கம்பெனி எத்தியோப்பியாவில் 2015-ல் சிமெண்டு ஆலை திறந்தது. ஒரே கண்டத்து நாடுகள் தமக்குள் முதலிட்டுக் கொள்வது போற்றத்தக்கதே. ஆனால், மூலப்பொருள் வெட்டும் உரிமை உள்ளூர் வாலிபர்களுக்கே வேண்டுமென்ற தகராறு 2017-ல் எழுந்தது. 2018 மே மாதத்தில் ஆலையின் தலைமை நிர்வாகியும் உடன் சென்ற இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைக்குக் காரணம் எதுவாயினும், அமைதியற்ற மண்ணில் ஆலை நிலைக்காது என்பது தெளிவு. 2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் தரை எல்லைகளை மூடியபோது, அதே கம்பெனி அண்டை நாடுகளுக்குச் சிமெண்டு அனுப்பவும் வழியற்றுப் போயிற்று.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் குழிபட்ட அரியலூருக்கு இப்பாடம் புதிதன்று. ஜயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென 1990-களில் விளைநிலம் எடுக்கப்பட்டது. மின் நிலையம் எழவில்லை. நஷ்டஈட்டுக்காக விவசாயிகள் ஆண்டுக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினர். அந்தப் புண் ஆறுமுன் அதே வட்டாரத்தில் மற்றொரு பிழை நேரலாகாது.

ஆகவே, சர்க்காருக்கு நமது வேண்டுகோள் இது. உள்ளூர் ஆண் பெண்களுக்கு வேலையில் முதலிடம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தையலும் ஒட்டலும் மட்டுமன்றி, அச்சு வார்ப்பும் இயந்திர நுட்பமும் நம்மவர் கைக்கு வரவேண்டும். கம்பெனி நாளை வெளியேறினாலும் தொழில் இங்கே தங்க வேண்டும். டில்லி சர்க்கார் அண்டை நாடுகளுடன் மானம் குன்றாத சமாதானத்தை நாட வேண்டும்.

அன்று சோழன் படை கொண்டு சென்றது வெற்றியை. இன்று வரும் மூலதனம் கொண்டுவர வேண்டியது நம் ஜனங்களின் நிலையான நல்வாழ்வை. அதைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை மட்டுமன்று. தேசபக்தர் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.