எந்த ஃபைலை எது திறக்கணும்? நாமே முடிவு செய்வோம்!



நம்ம கம்ப்யூட்டர் லேப்பில் தினமும் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "மிஸ், என் ஃபைல் கெட்டுப் போச்சு!" போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஃபைல் நல்லாத்தான் இருக்கும். அதைத் திறக்க வேண்டிய மென்பொருள் திறக்காமல், வேறு ஒன்று திறந்திருக்கும். அவ்வளவுதான்.

ஒரு ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் எது திறக்கணும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நம்ம லேப்பில் இருப்பது உபுண்டு லினக்ஸ். அது முதலில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்க்கும். அதில் தெரியவில்லை என்றால் உள்ளே எட்டிப் பார்க்கும். பிடிஎஃப் ஃபைல் என்றால் உள்ளே ஆரம்பத்திலேயே அதன் பெயர் எழுதியிருக்கும். இப்படி வகையைக் கண்டுபிடித்ததும், 'இந்த வகைக்கு இந்த மென்பொருள்' என்று எழுதி வைத்த பட்டியலைப் பார்த்துத் திறக்கும். அதற்குத்தான் 'டிஃபால்ட்' என்று பெயர்.

அந்தப் பட்டியலை முதலில் எழுதியது உபுண்டுவைத் தயாரித்தவர்கள். ஆனால் அது கல்வெட்டு இல்லை, நாம் மாற்றலாம். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' போனால், அதைத் திறக்கக்கூடிய மென்பொருள்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே 'இந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்து' என்ற பொத்தானையும் தள்ளிவிட்டால் முடிந்தது. பழைய பதிப்புகளில் 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே போய் 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுக்கணும். இதனால் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறாது.

"இதெல்லாம் ஒரு விஷயமா? எது திறந்தா நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். விஷயம்தான், நண்பர்களே! யாரோ ஒருவர் பைதான் ஃபைல்களுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டரை டிஃபால்ட்டாக வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரைட்டர் கடிதம் எழுத நல்ல மென்பொருள். ஆனால் நாம் மேற்கோள் குறி போட்டால், அழகா இருக்கட்டும் என்று அதை வளைந்த குறியாக மாற்றிவிடும். பைதானுக்கு நேர்க்குறிதான் புரியும். வளைந்த குறியைப் பார்த்ததும் 'பிழை' என்று நின்றுவிடும். புரோகிராம் சரி, லாஜிக் சரி, ஆனால் ஓடாது! செய்முறைத் தேர்வு நாளில் இப்படி நடந்தால் யார் பொறுப்பு?

டிஃபால்ட்டின் வலிமை பெரிய நிறுவனங்களுக்கு நல்லாவே தெரியும். விண்டோஸில் எந்த பிரவுசர் வேண்டும் என்று மக்களே தேர்ந்தெடுக்கத் திரை ஒன்றைக் காட்டுவதாக 2009-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுத்தது. பிறகு பல மாதங்கள் அந்தத் திரையைக் காட்டாமல் விட்டதற்காக 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு தேர்வுத் திரைக்கு இத்தனை கோடி! ஏன்? முதலில் வைத்ததை மாற்றாமலே விட்டுவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் வழக்கம்.

அப்படியென்றால் எல்லாரும் இஷ்டத்துக்கு மாற்றிவிடலாமா? கூடாது! இதுதான் என் கருத்து. லினக்ஸில் நாம் இப்படிச் செய்கிற மாற்றம் நம் பயனர் கணக்குக்கு மட்டும் சொந்தம். அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் 'மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்' என்ற சிறிய ஃபைலில் அது பதிவாகும். வீட்டுக் கணினியில் அக்காவுக்குத் தனிக் கணக்கு, தம்பிக்குத் தனிக் கணக்கு இருந்தால் சண்டையே வராது. ஆனால் நம்ம லேப்பில் ஒரு கணினிக்கு ஒரே கணக்கு. ஆறாம் வகுப்புத் தம்பியும் அதில்தான், பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனும் அதில்தான். ஒருவர் மாற்றினால் அடுத்த பீரியடில் வருகிற அத்தனை பேருக்கும் மாறிவிடும். பொதுக் குழாயைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்த மாதிரி!

"அப்போ யாருமே மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கலாமே?" என்றும் ஒரு பேச்சு இருக்கு. அதையும் நான் ஏற்கவில்லை. பூட்டி வைத்தால் கற்றுக்கொள்வது எப்படி? தொடாமலே நீச்சல் பழக முடியுமா?

ஆகவே என் யோசனைகள் மூன்று:

1. பொதுக் கணக்கில் வேலை செய்யும்போது 'ஓப்பன் வித்' மூலம் அந்த ஒரு முறை மட்டும் திறப்போம். 'எப்போதும்' என்ற பொத்தானைத் தொட வேண்டாம்.

2. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பயனர் கணக்கு கொடுக்க நம் ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்போம். லினக்ஸில் இதற்குத் தனிச் செலவு கிடையாது.

3. 'ஃபைல் கெட்டுப் போச்சு' என்று ஒரு தம்பியோ தங்கையோ கலங்கி நின்றால், திட்டாமல் 'ஓப்பன் வித்' எங்கே இருக்கு என்று காட்டிக் கொடுப்போம்.

'உபுண்டு' என்பது தென் ஆப்பிரிக்க மொழிகளில் வழங்கும் சொல். பிறரிடம் காட்டும் மனிதநேயம் என்று அதற்குப் பொருள். அந்தப் பெயருள்ள கணினியில் உட்காருகிற நாம், அடுத்து வந்து உட்காரப் போகிறவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போமே!

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு