ஒரு க்ளிக் நாற்பது காசு

போன வாரம் கிளையில் ஆணி புடுங்கிக் கொண்டிருந்தபோது சக ஊழியர் ஒருத்தர் வந்தார். மைசூரில் யாரோ பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா விற்கிறாராம். "ரெண்டே வருஷம்தான் சார் ஆச்சு, பாதி விலைன்னா வாங்கலாமா?" என்று கேட்டார். பி.காம். படித்தவனிடம் கேட்டால் வேறென்ன வரும், தேய்மானக் கணக்குதான்.

வருஷத்தை வைத்துத் தேய்மானம் போடுவது மேஜை நாற்காலிக்குச் சரி. கேமராவுக்கு ஆகாது. காருக்குக் கிலோமீட்டர் பார்க்கிற மாதிரி, இதற்கு எத்தனை க்ளிக் என்று பார்க்கணும். உள்ளே சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. பட்டனை அமுக்கினால் முதல் திரை விலகும், அடுத்தது வந்து மூடும். இதுதான் ஷட்டர். 1/4000 விநாடி வேகத்தில் எடுத்தால் முதல் திரை முழுசாகத் திறப்பதற்குள் இரண்டாவது துரத்திக்கொண்டு கிளம்பிவிடும். சின்ன இடைவெளி ஒன்றுதான் சென்சார் மேல் ஓடும். எஸ்.எல்.ஆரில் கூடவே கண்ணாடியும் மேலே போய்க் கீழே வரணும். இத்தனை ஆட்டமும் ஒவ்வொரு படத்துக்கும் நடந்தால் தேயாமல் என்ன செய்யும்?

அதனால்தான் கம்பெனிகள் ஒரு எண் சொல்கின்றன. 2008-ல் வந்த நிக்கான் டி90-க்கு 1 லட்சம். 2016-ல் வந்த டி5-க்கு 4 லட்சம். 2020-ல் வந்த கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3-க்கு 5 லட்சம். இது காலாவதித் தேதி இல்லை மக்களே, சோதனையில் தாண்டிய எண். சிலது முன்னாலேயே மண்டையைப் போடும், சிலது இரண்டு மடங்கு ஓடும். போனாலும் ஷட்டரை மட்டும் மாற்றலாம். ஆனால் பழைய கேமராவுக்கு அந்தச் செலவு கட்டுமா என்பதுதான் கேள்வி.

நஞ்சன்கூடு பந்திப்பூர் போகிற ரோட்டில் இருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் பீரங்கி மாதிரி லென்ஸோடு கார்கள் போகும். புலி தலை காட்டினால் விநாடிக்குப் பத்து படம் வீதம் அமுக்குவார்கள். அவர்களுடைய இரண்டு வருஷமும், பிறந்தநாளுக்கு மட்டும் பீரோவைத் திறக்கிற நம்ம வீட்டு இரண்டு வருஷமும் ஒன்றா? ஆக, விற்கிறவரிடம் அண்மையில் எடுத்த படம் ஒன்றைத் திருத்தாமல் அப்படியே வாங்குங்கள். நிக்கானில் படத்துக்குள்ளேயே க்ளிக் எண்ணிக்கை பதிந்திருக்கும், இணையத்தில் ஏற்றிப் பார்க்கலாம். கேனானில் பல மாடல்களுக்குத் தனி மென்பொருள் வேணும். ஃபைல் பெயரில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள், அது 9999-க்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எண்ணிக்கை குறைவு என்று துள்ளவும் வேண்டாம். பூட்டியே வைத்த கேமராவில் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும், கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்திருக்கும்.

சகாவுக்கு இவ்வளவு சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாத ஒன்று உண்டு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

முதல் தடவை இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது என்னிடம் டி90 இருந்தது. 40,000 ரூபாயை 1 லட்சத்தால் வகுத்து, க்ளிக்குக்கு நாற்பது காசு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 2012-ல் அம்மா கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலேறி நஞ்சுண்டேஸ்வரர் கோயில் பெரிய தேர் பார்க்க வந்தாள். ஐந்து தேர் ஒன்றன்பின் ஒன்றாக வர, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு படம் எடுத்தேன்.

"என்னடா, ஒண்ணோட நிறுத்திட்டே?"

"போதும்மா, ஷட்டர் தேஞ்சிடும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா கண்ணை மூடியிருந்தாள். அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் என்றேன். அடுத்த வருஷம் முழங்கால் வலி, அதற்கடுத்த வருஷம் அம்மாவே இல்லை.

ஃபிலிம் காலத்தில் ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டால் ஒரு படத்துக்குச் சில ரூபாய் ஆகும். அப்போது எண்ணி எண்ணி எடுத்ததில் நியாயம் இருந்தது. அந்தப் பழக்கத்தை டிஜிட்டலுக்கும் கொண்டுவந்து, மறுவிற்பனை விலைக்காக ஷட்டரைச் சேமிக்கிறோமே, இது என்ன கணக்கு? வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரத்தில் இரண்டாயிரம் படம் எடுத்தாலும் 1 லட்சத்தைத் தொட ஐம்பது வருஷம் ஆகும். டைம்லாப்ஸ் பைத்தியம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், பத்து விநாடி காட்சிக்கே 240 க்ளிக் போகும்.

இனி இந்தக் கவலையே இருக்காது போல. 2021-ல் நிக்கான் இசட்9 இயங்கும் ஷட்டரே இல்லாமல் வந்துவிட்டது. செல்போனில் கேட்கிற க்ளிக் வெறும் சத்தம்தான். மின்னணு ஷட்டரில் வேறு தொல்லைகள் உண்டு. வேகமாக ஓடுவது சாய்ந்து தெரியும், சில எல்.இ.டி. விளக்குகளின் கீழே பட்டை பட்டையாக விழும்.

இப்போது இரண்டாவது தடவையாக இதே ஊரில் இருக்கிறேன். டி90-யைத் தூசு தட்டிப் பார்த்தேன். 11,386 க்ளிக். "விக்கலாமா?" என்று தங்கமணியைக் கேட்டேன். கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். இந்தத் தேருக்கு ஒரே சாயங்காலத்தில் 412 படம் எடுத்திருக்கிறாள். பாதி ஆட்டம். அதில் பதினேழு என்னுடையது. வாயைத் திறக்கவில்லை நான்.