மாறியதை மட்டும் அனுப்பினால் போதாதா?

தமிழ்க் கழக ஆண்டு மலரில் கணினிக் கட்டளைகளுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். பட்டணத்தில் வீடுள்ள மாணவனும் தோட்டத்தில் வீடுள்ள மாணவியும் ஒரே குழுவில் இடுபணி செய்யும்போது எழுந்த சிக்கல் இது. எனவே இம்மலரில் எழுதலாம் என்றே கருதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான கதை கேட்கும் செயலி ஒன்றை உருவாக்கினோம். நிரல்களை 'கிட்' களஞ்சியத்தில் வைத்திருந்தோம். கிட் என்பது பதிப்பு மேலாண்மை மென்பொருள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை எல்லாம் பதிந்து வைக்கும். நாற்பது கதைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நிமிடம். நான்தான் ஒலிப்பதிவு செய்தேன். சுருக்கப்படாத 'வேவ்' கோப்பு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் பிடிக்கும். அவற்றை அப்படியே களஞ்சியத்தில் ஏற்றினேன். பிறகு இரைச்சலை நீக்கி, நாற்பதையும் மறுபடி ஏற்றினேன். அதற்கும் பிறகுதான் புத்தி வந்து, எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி, வேவ் கோப்புகளை அழித்தேன். என் கணினியில் கோப்புகள் எழுபது மெகாபைட்டாகச் சுருங்கின. வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் கிட் எதையும் மறப்பதில்லை. அழித்த கோப்பும் வரலாற்றில் இருக்கும். வரலாறோ இரண்டு கிகாபைட்டைத் தாண்டிவிட்டது.

அது பருவ இடைவிடுமுறை. எங்கள் குழுத் தோழி கெடாவில் தோட்டத்து வீட்டில் இருந்தாள். கைத்தொலைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிர்ந்து, எங்கள் மாற்றங்களை இறக்க முயன்றாள். "எண்பது விழுக்காடு வந்து அறுந்துடுச்சு லா, மறுபடியும் சைபர்ல இருந்து ஆரம்பிக்குது" என்று புலனத்தில் எழுதினாள். அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரக் கிட்டுக்குத் தெரியாது. இரண்டு முறை டாப்-அப் செய்தும் பயனில்லை. அந்த வாரம் அவளால் ஒரு வரிகூட ஏற்ற முடியவில்லை. விரிவுரையாளர் தனிநபர் பங்களிப்புக்குக் 'கமிட்' எண்ணிக்கையைப் பார்த்துப் புள்ளி வழங்கினார். நால்வரில் அவளுக்கே குறைந்த புள்ளி. குற்றம் என்னுடையது, தண்டனை அவளுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், முழு மூட்டையையும் சுமக்காமல் மாறியதை மட்டும் அனுப்பும் கலை கணினி உலகத்துக்குப் புதிதன்று. 1996-இல் ஆஸ்திரேலியாவின் கன்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவரும் 'ஆர்சிங்க்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். மெதுவான தொலைபேசி இணைப்புகளின் காலம் அது. பெறும் கணினி தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாள எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி அந்த எண்களைப் புதிய கோப்போடு ஒப்பிட்டு, பொருந்தாத பகுதியை மட்டும் திருப்பி அனுப்பும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான சிந்தனை! இதே டிரிட்ஜெல் பின்னர் 'பிட்கீப்பர்' என்னும் மென்பொருளின் தகவல் பரிமாற்ற முறையை ஆராயப் போய்ச் சர்ச்சை வெடித்தது. லினக்ஸ் குழுவுக்குக் கிடைத்த இலவச உரிமம் போயிற்று. அதன் விளைவாக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் கிட்.

கிட்டும் சிக்கனக்காரன்தான். 'என்னிடம் இது வரை உள்ளது' என்று நம் கணினி சொல்லும். இல்லாததை மட்டும் சேவையகம் கட்டிக் கொடுக்கும். நிரல் எழுத்துகளில் ஒரு வரி மாறினால் அந்த வேறுபாடு மட்டும் வரும். ஒலிக்கோப்பில் இரைச்சலை நீக்கினால் கோப்பு முழுதும் மாறிவிடுகிறது. வேறுபாடு என்று தனியாக எடுக்க அங்கே ஏதும் மிஞ்சுவதில்லை. நான் செய்த தவறு இதுவே.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2017-இல் மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் நிரல்களைக் கிட்டுக்கு மாற்றியபோது களஞ்சியம் ஏறத்தாழ 300 கிகாபைட், கோப்புகள் 3.5 மில்லியன். முழுதாக இறக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்ற நிலை. இத்தகைய நெருக்கடிகளால் வளர்ந்ததே பகுதிக் குளோன். குளோன் கட்டளையில் 'ஃபில்டர்' விருப்பத்துக்கு 'பிளாப் நன்' என்று கொடுத்தால், வரலாற்றின் பட்டியல் மட்டும் வரும். கோப்புகளின் உள்ளடக்கத்தில் இன்றைய பதிப்பு மட்டும் இறங்கும். பழையது தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் களஞ்சியத்தை அப்படி இறக்கிப் பார்த்தேன். எழுபது மெகாபைட்டைச் சற்றே தாண்டியது. ஒரு வரிக் கட்டளை அவளுடைய அந்த வாரத்தைக் காப்பாற்றியிருக்கும்.

இணையத்தில் பலரும் பரிந்துரைப்பது 'டெப்த் 1' என்னும் ஆழமற்ற குளோன். ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு எறிவதற்கு அது நல்லது. நாள்தோறும் ஒத்திசைக்க வேண்டிய களஞ்சியத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2016-இல் கோகோபாட்ஸ் என்னும் திட்டத்தின் பயனர்கள் எல்லாரும் ஆழமற்ற குளோனிலிருந்து புதுப்பித்துக்கொண்டே இருந்ததால் கிட்ஹப் சேவையகங்கள் திணறின. பயனர்களுக்கு வேகம் குறைந்தது. அரைகுறை வரலாறு வைத்திருப்பவருக்கு எது இல்லை என்று கண்டுபிடிப்பது சேவையகத்துக்குப் பெரும் வேலை.

'இப்போது யாருக்குத்தான் இணையம் இல்லை?' என்று கேட்கும் நண்பர்கள் ஒருமுறை பேருந்து ஏறித் தோட்டத்து வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். விடுதியின் கம்பியில்லா இணையத்தில் அமர்ந்து 'புஷ்' செய்யும் நமக்கு இரண்டு கிகாபைட் வெறும் எண். முதலாம் ஆண்டிலேயே நமக்குக் கிட் கற்பிக்கிறார்கள். 'ஆட், கமிட், புஷ்' என்ற மூன்று சொல் மந்திரத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. எதை ஏற்றக்கூடாது, குறைந்த இணையத்தில் எப்படி இறக்குவது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பாடத்திட்டம் சரிந்துவிடுமா? கமிட் எண்ணிக்கையைப் பங்களிப்பாகக் கொள்ளும் வழக்கத்தையும் விரிவுரையாளர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒருவரின் உழைப்போடு அவருடைய இணைய வேகமும் சேர்ந்தே அதில் எண்ணப்படுகிறது.

மாணவர்களாகிய நம் பங்கும் உண்டு. எங்கள் குழுவில் இப்போது ஒலிக்கோப்புகள் களஞ்சியத்துக்கு வெளியே இருக்கின்றன. தானே மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய நூலகக் கோப்புறைகளும் அப்படியே. விடுமுறைக்கு முன் 'கிட் பண்டில்' கட்டளையால் களஞ்சியத்தை ஒரே கோப்பாக்கி, விரலியில் ஏற்றித் தோழியிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பிந்திய மாற்றங்கள் மட்டும் இணையம் வழி போகும். அவளுடைய பழைய புள்ளி மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் எத்தனை மெகாபைட் செலவாயிற்று என்று அவள் புலனத்தில் எழுதுகிறாள். சென்ற வாரக் கணக்கு ஆறு.