பாறையைத் துளைக்க மெஷின், ராடு தூக்க மனுஷன்!

பத்தமடையில் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. பக்கத்திலேயே தாமிரபரணி. ஆனாலும் புதுசாக வீடு கட்டுகிறவர் செங்கலுக்கு முன்னால் சொல்லி அனுப்புவது போர் லாரிக்குத்தான்!

லாரி வந்தால் தெருவே தூங்காது. கூடவே இன்னொரு லாரி. ராடு, டீசல், ஆட்கள் எல்லாம் அதில். வண்டியின் நெற்றியில் பெரும்பாலும் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கும். நாமக்கல் மாவட்டத்து அந்த ஊர் வண்டிகள் இந்தியா பூராவும் துளை போடுகின்றன. பெருமைதான். ஆனால் அந்த வண்டியில் எந்த வேலையை மெஷின் செய்கிறது, எதை மனுஷன் செய்கிறான் என்று ஒரு தடவை நின்று பாருங்கள்.

கம்ப்ரஸர் காற்றை அனுப்புகிறது, அடியில் ஹாமர் கருங்கல்லை மாவாக்குகிறது. எல்லாம் லீவரைத் தட்டினால் நடக்கும். ஒரு 20 அடி ராடு உள்ளே போனதும் அடுத்தது வேண்டும். அதை இழுத்து, வின்ச் கயிற்றில் மாட்டி, ஆடாமல் பிடித்து மரை சேர்ப்பது யார்? பல வண்டிகளில் சத்தீஸ்கரிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்த ஒரு பையன். காலில் ரப்பர் செருப்பு.

கணக்குப் போடுங்கள். 1000 அடிக்கு 50 ராடு. இறக்க 50 தடவை, திரும்ப எடுக்க 50 தடவை. ஒரு துளைக்கு நூறு தடவை! ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் ஆள் கனம், மேலெல்லாம் சேறும் ஆயிலும். ஒரே ஒரு தடவை வழுக்கினால் போதும், விரல் போச்சு.

இதற்கு வழி இல்லாமலில்லை. ரிவால்வரில் குண்டு அடுக்குவதுபோல் ராடுகளை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றாகச் சுழற்றித் துளைக்கு நேரே நிறுத்தும் அமைப்பு, சுரங்கங்களில் வெடிக்குழி போடும் பெரிய ரிக்குகளில் சாதாரணம். எண்ணெய்க் கிணறுகளில் மரை முறுக்கும் இயந்திரக் கை 1970களிலேயே வந்துவிட்டது. 2021ல் குஜராத்தின் கலோலில் ஓஎன்ஜிசிக்காக இறங்கிய ரிக்கில் குழாயைத் தூக்குவது ஹைட்ராலிக்தான். எண்ணெய்க்கு ஒரு நியாயம், தண்ணீருக்கு ஒரு நியாயமா?

அடுக்கு வைத்தால் வண்டி கனக்கும், 50 ராடு அதில் கொள்ளாது, சந்துக்குள் நுழையாது என்பார்கள். அது உண்மைதான். சரி, அடுக்கு வேண்டாம். லாரியிலிருந்து ராடைக் கவ்வித் தூக்கி நிறுத்தும் ஒரு கை போதுமே? வண்டியில் ஹைட்ராலிக் ஏற்கெனவே இருக்கிறது. பையனுக்கு வேலை போய்விடும் என்று கண்ணீர் விடுகிறவர்கள், அவனுக்கு லீவர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். உண்மைக் காரணம் வேறு. கையைவிட பையன் மலிவு.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை குழிக்குள் விழுந்தபோது நாடே பதறியது. மூடாத குழிகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். குழி போடுகிறவன் கையைப் பற்றி யார் பேசினார்கள்?

அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி விடியவிடியப் பேரம் பேசுகிற வீட்டுக்காரர், ராடு தூக்க மெஷின் இருக்கிற வண்டியா என்று இதுவரை கேட்டதாகத் தகவல் இல்லை.