எச்சரிக்கை எவருடைய காதில் விழுகின்றது?

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையாகவும் போயா தினமாகவும் விடிந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது இங்கு காலை ஏழு மணியை நேரம் அண்மித்துக் கொண்டிருந்தது. அதன்பின் ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையை வந்தடைவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் மூழ்கி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடந்த பின்னரும், தென்கரையோரமாகச் சென்று கொண்டிருந்த பயணிகள் ரயிலைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. பெரேலியவில் அந்த ரயிலும் அலைக்குள் அகப்பட்டது. அன்று நாடு முழுவதிலும் முப்பத்தையாயிரம் பேர் வரை மாண்டும் காணாமற்போயும் போயினர். அவர்களுள் பத்தாயிரத்திற்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இயற்கையின் சீற்றத்தை எவராலும் தடுக்க முடியாது என்பது மறுக்க முடியாத உண்மையே. ஆனால், அந்த ஒன்றரை மணித்தியாலம் இயற்கை எமக்கு அளித்த அவகாசமாகும். அதனைப் பயன்படுத்த முடியாமற்போனமைக்கு இயற்கை பொறுப்பாளியல்ல. நாட்டின் ஒரு கரையில் நிகழ்ந்ததை மறுகரைக்கு அறிவிக்கக் கூட வழியற்றிருந்த நிர்வாக அமைப்பே பொறுப்பாளியாகும்.

இந்தப் பாடம் கற்கப்படவில்லை என்று கூறுவதும் நியாயமன்று. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. இந்து சமுத்திர நாடுகள் இணைந்து எச்சரிக்கைப் பொறிமுறை ஒன்றையும் உருவாக்கின. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பாரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டு நிலங்களை நோக்கி நகர்ந்தனர். அன்று பேரலை வரவில்லை. எனினும் எட்டு ஆண்டுகளுக்குள் நாடு ஏதோவொன்றைக் கற்றிருந்தது என்பதற்கு அந்த மாலைப்பொழுது சாட்சியாகும்.

அவ்வாறாயின், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை ஊடறுத்தபோது அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் ஏன் பலியாகின? சூறாவளி என்பது நிலநடுக்கத்தைப் போன்று முன்னறிவிப்பின்றி வருவதல்ல. வங்காள விரிகுடாவில் அது உருவாகி நகர்வதைச் செய்மதிப் படங்களில் நாட்கணக்கில் அவதானிக்க முடியும். அவ்வாறிருந்தும் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்மேடுகளுக்குள் குடும்பம் குடும்பமாக மக்கள் புதையுண்டனர். எச்சரிக்கை விடுக்கப்படுவது வேறு, அது உரியவரைச் சென்றடைவது வேறு என்பதே இதன் பொருளாகும். விடுக்கப்பட்ட எச்சரிக்கை ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டுமாயின் அதற்கு மூன்று விடயங்கள் அவசியம் என நாம் கருதுகின்றோம். அது கேட்பவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். வெளியேறுவோருக்குச் செல்ல ஓர் இடம் இருக்க வேண்டும். சொல்பவர் மீது கேட்பவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும்.

முதலாவதாக மொழி. டித்வா அனர்த்தத்தின் போது அரச அறிவித்தல்கள் பல தமிழில் உரிய வேளையில் வெளிவரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை வாசகர்கள் அறிவர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அதன்பின் கடந்துள்ள காலம் ஒரு தலைமுறைக்கும் மேலானது. சாதாரண காலத்தில் தமிழில் ஒரு படிவம் கிடைக்காவிடின் அலைச்சலும் அவமானமும் மிஞ்சும். நள்ளிரவில் மலைச்சரிவில் வாழும் ஒரு தாய்க்குத் தமிழில் எச்சரிக்கை கிடைக்காவிடின் என்ன மிஞ்சும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மொழிச் சமத்துவம் என்பது அரசியல்வாதிகளின் மேடைக் கோரிக்கை என்று எண்ணுவோர், அது உயிர் வாழும் உரிமையுடன் நேரடியாகத் தொடர்புபட்டது என்பதை இனியேனும் உணர வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலும் மாவட்டச் செயலகங்களிலும் இருபத்துநான்கு மணிநேரமும் தமிழில் அறிவித்தல்களைத் தயாரிக்கக்கூடிய உத்தியோகத்தர்கள் கடமையில் இருத்தல் வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

இரண்டாவதாகச் செல்லுமிடம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன் குடியிருப்புகளை மண்சரிவு மூடியது. அப்பகுதி ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்ததாக அனர்த்தத்தின் பின்னர் தெரிவிக்கப்பட்டது. அவ்வாறாயின் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியே தவறானது. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லை. அவர் வாழும் காம்பரா தோட்டத்திற்குரியது, அவரது வேலையும் அதனுடன் பிணைக்கப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தமது நிதியில் சேவையாற்றுவதற்குக் கூட 2018 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்படும்வரை தடை இருந்தது. இத்தகைய ஒருவரிடம் 'வெளியேறுங்கள்' என்று கூறுவது எச்சரிக்கையல்ல, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். மீரியபெத்தை மக்களுக்கான மாற்று வீடுகள் மண்சரிவின் பின்னரே கட்டப்பட்டன. முன்னர் கட்டப்பட்டிருப்பின் அவற்றில் குடியேற மேலும் பலர் உயிருடன் இருந்திருப்பர்.

கட்டிய வீடுகளும் கைக்கெட்டாமற்போன அனுபவம் கிழக்குக்கு உண்டு. ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் ஐந்நூறு வீடுகள் கட்டப்பட்டன. அரசியல் எதிர்ப்பும் வழக்கும் குறுக்கிட்டமையால் அவை பல ஆண்டுகளாகப் பூட்டப்பட்டுப் பற்றைக்காடாகக் கிடந்தன. மேலும், 2005 ஆம் ஆண்டில் கைச்சாத்திடப்பட்ட சுனாமி மீள்கட்டமைப்புக்கான பொதுக்கட்டமைப்பு முஸ்லிம்களை ஒரு தரப்பாக உள்ளடக்கவில்லை என்ற மனக்குறைக்கு உள்ளாகி, பின்னர் நீதிமன்ற இடைக்காலத் தடையுடன் செயலற்றுப் போனது. அலை இனம் பார்த்து வரவில்லை. ஆனால், அதன் பின்னர் வந்த அனைத்தும் இனம் பார்த்தே வந்தது. அனர்த்தத்தின் பின்னர் நீதியான பங்கீடு இல்லையெனில் அடுத்த அனர்த்தத்தின்போது அரசின் வார்த்தையை எவரும் நம்பப்போவதில்லை.

இதுவே மூன்றாவது விடயத்திற்கு, அதாவது நம்பிக்கைக்கு, எம்மை இட்டுச் செல்கின்றது. இவ்விடயத்தில் எம்மை விட வறிய நாடாகக் கருதப்பட்ட பங்களாதேஷ் கற்றுத்தரும் பாடம் பெரிது. 1970 ஆம் ஆண்டின் சூறாவளியில் அங்கு குறைந்தபட்சம் மூன்று இலட்சம் பேர் மடிந்தனர். அதனைத் தொடர்ந்து சூறாவளி ஆயத்தத் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டு, கிராமந்தோறும் தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். இன்று அத்தொண்டர்களின் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டும். கொடிகளையும் கைஒலிபெருக்கிகளையும் ஏந்தி வீடு வீடாகச் சென்று அழைப்பவர்கள் அயலவர்களே. பெண்களை அழைத்துச் செல்லப் பெண் தொண்டர்களும் இருக்கின்றனர். 2020 ஆம் ஆண்டில் அம்பான் சூறாவளி தாக்கியபோது இருபது இலட்சத்திற்கும் அதிகமானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். அங்கு மாண்டோரின் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் அடங்கியது.

இன்னுமொரு சான்று ஆழிப்பேரலை தோன்றிய இடத்திற்கு மிக அருகிலேயே உள்ளது. சுமாத்திராவை அடுத்துள்ள சிமுலு தீவில் 1907 ஆம் ஆண்டில் பேரலை ஒன்று பெருந்தொகையானோரைப் பலிகொண்டது. அந்த நினைவை அத்தீவின் முஸ்லிம் மக்கள் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல்லில் பொதிந்து, பாட்டிமார் வாயிலாகவும் தாலாட்டு வாயிலாகவும் பிள்ளைகளுக்குக் கையளித்து வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதே அச்சொல்லின் செய்தி. 2004 இல் சில நிமிடங்களுக்குள் அலை வந்தடைந்த போதிலும், ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மாத்திரமே. அங்கு எச்சரிக்கைக் கோபுரம் எதுவும் இருக்கவில்லை. எமது கரையிலோ கடல் பின்வாங்கியபோது மீன்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடிச் சென்ற கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியை இன்று முதியோர் மாத்திரமே நினைவுகூருகின்றனர். அவர்களுடன் அந்த அறிவும் மறைந்துவிடக் கூடாது.

அனர்த்தம் என்பது காற்றும் நீரும் மாத்திரமல்ல என்பதையும் 2022 ஆம் ஆண்டு எமக்கு உணர்த்தியது. கடனை மீளச் செலுத்த முடியாதென அரசு கைவிரித்த அவ்வாண்டில், எரிபொருள் வரிசையில் மனிதர்கள் மயங்கி வீழ்ந்து இறந்தனர். மருத்துவமனைகளில் மருந்து இல்லை, அடுப்பெரிக்க எரிவாயு இல்லை. செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் எழுபது சதவீதத்தைத் தொட்டது. அரசு இயங்காதுவிடின் என்ன நேரும் என்பதை யுத்தத்தினுள் வாழ்ந்த வடக்கு கிழக்கு மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். விறகடுப்பும் சைக்கிளும் வீட்டுத்தோட்டமும் அயலவரின் ஒரு கொத்து அரிசியும் அவர்களைக் காத்தன. 2022 இல் கொழும்பும் அதனையே கற்றுக்கொண்டது. தனக்கு மட்டும் பொருட்களைப் பதுக்கியவர்களால் மற்றவர்களின் தட்டுப்பாடு மேலும் கூடியது. சமூகச் சமையலறைகளை நடத்தியவர்களோ பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து மீட்டனர்.

எனவே, ஆயத்தம் என்பது அரசிடம் கோருவதுடன் முடிவடைவதல்ல. தமது வீடு மண்சரிவு அபாய வலயத்தினுள் உள்ளதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் கிராம உத்தியோகத்தர் மூலம் அறிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு, ஓரிரு நாட்களுக்கான மருந்து, உலர் உணவு, டோர்ச் லைட் ஆகியவற்றுடன் ஒரே பையில் வைத்தல் வேண்டும். ஆழிப்பேரலையில் ஆண்களை விடப் பெண்களும் சிறுவர்களுமே அதிகம் மாண்டனர் என்பதால், வீட்டிலுள்ள அனைவருக்கும் ஓடவேண்டிய திசை தெரிந்திருத்தல் அவசியம். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஆபத்து வேளையில் ஒரே செய்தியை ஊருக்கு அறிவிக்கலாம். அவற்றின் நிர்வாகத்தினர் மழைக்காலத்திற்கு முன்னர் ஒரு நாள் ஒன்றுகூடிப் பேசினால், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கின்றார், அவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதிவிடலாம். 2004 இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் மற்றவரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினர். திட்டமின்றிச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வது இயலாத காரியமல்ல.

பத்திரிகைகளாகிய நாமும் இதில் குற்றமற்றவர்களல்லர். இறந்தவர்களின் தொகையை முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடும் நாம், அபாய வலயங்களின் பட்டியல் வெளியாகும் நாளில் அதனை உட்பக்கத்தின் ஒரு மூலையில் இடுகின்றோம். அந்தப் பட்டியலை வாசித்திருக்க வேண்டியவர்களின் பெயர்களை மரணப் பட்டியலில் அச்சிட நேர்வது எமக்குப் பெருமை தரும் விடயமன்று.

இந்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் வரத்தான் செய்யும். சரிவுகளில் இன்னும் லயன்கள் இருக்கின்றன. கரையோரத்தில் இன்னும் குழந்தைகள் விளையாடுகின்றனர். அடுத்த முறை எச்சரிக்கை விடுக்கப்படும்போது அது தமிழில் ஒலிக்குமா, அதனைக் கேட்டவர் செல்ல ஓர் இடம் இருக்குமா, அவரது கதவைத் தட்ட ஒருவர் வருவாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் மழை வருவதற்கு முன்னரே அரசும் சமூகமும் விடை காண வேண்டும். மழை வந்த பின்னர் தேடப்படும் விடை எவரையும் காப்பாற்றப்போவதில்லை.