சொல்லுக்குப் பொருள் பாருங்கள்!

மாமல்லபுரத்தைப் பலர் மகாபலிபுரம் என்கிறார்கள். மகாபலிச் சக்கரவர்த்தியின் ஊர் என்றும் நினைக்கிறார்கள். "மா" என்றால் பெரிய. "மல்லன்" என்றால் மற்போர் வீரன். மாமல்லன் என்பது 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் நரசிம்மவர்மரின் பட்டப் பெயர். சொல் விளங்கியது, ஊரின் வரலாறும் விளங்கியது!

ஊர்ப் பெயரில் தவறினால் கதைதான் மாறும். பத்திரத்தில் தவறினால் வீடே கைமாறும்! செங்கற்பட்டில் பத்திரம் பதியப் போகிறவர்களுக்கு இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். "போக்கியம்" என்றால் கடனுக்காகச் சொத்தை அனுபவிக்க விடுவது. கடன் தீர்ந்தால் சொத்து திரும்பும். "கிரயம்" என்றால் விற்பது, திரும்பாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. வீட்டுக்குச் சிறிய அகராதி ஒன்று போதும். முதலில் பொருள், பிறகு கையெழுத்து!